இரவுக்கு ஒன்று, காலைக்கு ஒன்று

செல்ஃப் எடுக்காத காலை

ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினையே சுழற்றிவிடும் ஒரு பேட்டரி, கைக்கு அடக்கமான ஒரு ஃபேனிடம் தோற்றுப்போவது எப்படி? சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்தில் லாரியோடு தொடர்புள்ள குடும்பங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். வண்டி வெளிமாநிலத்தில் ஏதோ ஒரு குடோன் வாசலில் நிற்கிறது. லோடு இறக்க முறை வரவில்லை. ஓட்டுநர் கேபினில் ஃபேனைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். பார்க்கிங் விளக்கு எரிகிறது, செல்போன் சார்ஜ் ஏறுகிறது. விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக், டக், டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. ஹாரன் அடிக்கிறது, விளக்கும் எரிகிறது, இன்ஜின் மட்டும் அசையவில்லை.

பழைய வண்டிகளை நாலு பேர் சேர்ந்து தள்ளியோ, இன்னொரு லாரியில் கட்டி இழுத்தோ கிளப்பிவிடுவார்கள். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் அதுவும் எளிதல்ல. டீசலை எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதைக் கணினிப் பெட்டி ஒன்று தீர்மானிக்கிறது. பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் அந்தப் பெட்டியும் விழிக்காது.

‘ராத்திரி ஃபேன் போடாதே’ என்று ஓட்டுநரிடம் சொல்வது இதற்குத் தீர்வாகாது. நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டப்போகிறவருக்குத் தூக்கம் பாதுகாப்பு சார்ந்த விஷயம். கோளாறு ஃபேனிலும் இல்லை. ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு வேலைகளை ஒரே பேட்டரியின் தலையில் கட்டியதுதான் கோளாறு. படகுக்காரர்கள் இதற்கு வெகு காலத்துக்கு முன்பே ஒரு வழி கண்டுவிட்டார்கள்: இன்ஜினைக் கிளப்ப ஒரு பேட்டரி, மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொன்று. அந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதை லாரியில் தொடங்கிப் படகு வரை பார்க்கலாம்.

நொடிக் கணக்கும் மணிக் கணக்கும்

பேட்டரியின் மேல் 100, 120, 150 என்று எழுதியிருக்கும் எண் ஆம்பியர்-மணியைக் குறிக்கிறது. ஒரு ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் எடுத்தால் ஒரு ஆம்பியர்-மணி செலவாகிறது. பத்து ஆம்பியரை ஆறு நிமிடம் எடுத்தாலும் அதே செலவுதான். இந்த ஒரு அளவை வைத்துக்கொண்டே ஓர் இரவின் வரவு செலவைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கனரக லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றும் 120 ஆம்பியர்-மணி என்று கொள்வோம். தொடர் இணைப்பில் வோல்ட் கூடும், ஆம்பியர்-மணி கூடாது. ஆகவே மொத்த இருப்பும் 120-தான்.

முதலில் செல்ஃப், அதாவது இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார். இன்ஜின் கிளம்பும்வரை அது ஏறத்தாழ 300 ஆம்பியர் இழுக்கிறது என்றும், மூன்று நொடியில் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது என்றும் வைத்துக்கொள்ளலாம். மணிக் கணக்கில் பார்த்தால் செலவு கால் ஆம்பியர்-மணி மட்டுமே. வீட்டு மீட்டரில் ஒரு யூனிட் ஓட ஆகும் மின்சாரத்தில் நூறில் ஒரு பங்குகூட இது இல்லை.

அடுத்து இரவு ஒன்பது மணி முதல் காலை ஐந்து வரை எட்டு மணி நேரம். 24 வாட் ஃபேன் ஒரு ஆம்பியர் எடுக்கும். எட்டு மணிக்கு 8 ஆம்பியர்-மணி. பார்க்கிங் விளக்குகள் பழைய குண்டு பல்புகளாக, ஐந்து வாட் வீதம் எட்டு இருந்தால் 13 ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல். கேபின் விளக்கு அரை, இரண்டு செல்போன்கள் ஒன்றேகால். கூட்டினால் 23.

ஃபேன் மட்டுமே 32 தடவை செல்ஃப் அடிப்பதற்குச் சமம். மொத்த இரவும் 92 தடவைக்குச் சமம். செல்ஃப்தான் பேட்டரியைத் தின்கிறது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. கணக்கு அதைத் தலைகீழாகக் காட்டுகிறது: செல்ஃப் கேட்பது பெரியது, ஆனால் நொடிப் பொழுதுக்கு. ஃபேன் கேட்பது சிறியது, ஆனால் விடிய விடிய. இதே கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. அதிகம் தின்றது ஃபேன்கூட இல்லை, பார்க்கிங் பல்புகள். எல்.இ.டி.க்கு மாறினாலே அந்த 13-ல் பெரும்பகுதி மிச்சமாகும். இரண்டாவது பேட்டரியைப் பற்றி யோசிக்கும் முன் செய்ய வேண்டிய மலிவான வேலை அது.

120-ல் 23 போனால் பாதகமில்லை. புது பேட்டரி காலையில் தாராளமாகக் கிளம்பும். ஆனால் மூன்று வருடம் உழைத்த பேட்டரியில் கொள்ளளவு பாதியாகி 60-க்கு இறங்கியிருக்கலாம். அதிலும் சார்ஜ் எண்பது சதவீதம்தான் ஏறியிருந்தால் கையிருப்பு 48. முதல் இரவுக்குப் பிறகு 25. குடோன் வாசலில் இரண்டாவது இரவும் தங்க நேர்ந்தால் மிச்சம் 2. சிக்கல் பெரும்பாலும் இரண்டாம் நாள் காலையில் வருவது இதனால்தான்.

விளக்கு எரிகிறது, இன்ஜின் அசையவில்லை

கையிருப்பு 25 இருக்கும் முதல் நாள் காலையிலேயே சில வண்டிகள் நின்றுவிடுவதும் உண்டு. கால் ஆம்பியர்-மணி தேவைப்படும் வேலைக்கு 25 இருந்தும் ஏன் போதவில்லை?

எந்த பேட்டரியும் தன் உள்ளே ஓடும் மின்னோட்டத்துக்குத் தானே கொஞ்சம் தடையாக இருக்கிறது. இதற்கு அக மின்தடை என்று பெயர். நல்ல நிலையில் உள்ள இரண்டு பேட்டரிகள், கேபிள், முனைகள் எல்லாம் சேர்த்து ஓர் ஓமில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு இருக்கும் என்று கொள்வோம். 300 ஆம்பியர் ஓடும்போது அந்தத் தடையில் 3.6 வோல்ட் போய்விடும். 25 வோல்ட்டில் 21-க்கு மேல் செல்ஃபுக்குக் கிடைக்கிறது, இன்ஜின் சுழல்கிறது.

பேட்டரி வயதாக ஆக, சார்ஜ் இறங்க இறங்க, முனையில் வெள்ளைப் பொடி பூக்கப் பூக்க, இந்தத் தடை ஏறுகிறது. ஆயிரத்தில் முப்பது பங்கு ஆகிவிட்டால் 300 ஆம்பியருக்கு 9 வோல்ட் போய், செல்ஃபுக்கு 15 வோல்ட்தான் மிஞ்சும். செல்ஃபின் தலையில் இருக்கும் சோலினாய்டு என்ற மின்காந்தம் தொடர்பை இழுத்துப் பிடித்தவுடன் வோல்ட் சரிகிறது. சரிந்ததும் காந்தம் பிடியை விடுகிறது. விட்டதும் வோல்ட் எழுகிறது, மறுபடி இழுக்கிறது. இந்த இழுபறிதான் ‘டக், டக்’ சத்தம். இரண்டு ஆம்பியர் எடுக்கும் விளக்குக்கோ அதே தடையில் 0.06 வோல்ட்தான் குறைகிறது. விளக்குக்குப் பேட்டரி நன்றாக இருப்பதாகவே படும். ஆகவே விளக்கின் வெளிச்சத்தை வைத்துப் பேட்டரியை எடை போடக் கூடாது.

இதில் தட்பவெப்பத்துக்கும் பங்கு உண்டு. சேலம், நாமக்கல் கோடையில் வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகும். அந்தச் சூட்டில் பேட்டரிக்குள் ஈயச் சட்டம் அரிக்கும் வேகம் கூடி, தண்ணீரும் சீக்கிரம் வற்றுகிறது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணிப்பு. ஆனால் இங்கே இருக்கும்வரை அது வெளியே தெரியாது, சூடான இன்ஜின் லேசாகச் சுழலும். அதே வண்டி ஜனவரியில் பஞ்சாபுக்கோ டெல்லிக்கோ போனால், குளிரில் இன்ஜின் ஆயில் இறுகுகிறது, பேட்டரிக்குள் வேதிவினையும் மந்தமாகிறது. சங்ககிரி வெயிலில் கெட்ட பேட்டரி வடக்கத்திக் குளிரில் அம்பலமாகிறது. பழி குளிரின் மேல் விழுகிறது.

மெல்லிய தகடு, தடித்த தகடு

ஈய-அமில பேட்டரியை 1859-ல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். கைப்பிடியைச் சுழற்றாமல் இன்ஜினைக் கிளப்பும் மின் செல்ஃப் 1912-ல் காடிலாக் காரில் வந்தது. அதை அமைத்தவர் சார்லஸ் கெட்டரிங். அந்த ஒரு வேலைக்கென்றே பேட்டரியின் உள்ளமைப்பு மாறத் தொடங்கியது.

பேட்டரியில் மின்சாரம் பிறப்பது தகட்டின் மேற்பரப்பில், அமிலம் தொடும் இடத்தில். கட்டி வெல்லத்தைவிடத் தட்டிப்போட்ட வெல்லம் சீக்கிரம் கரைவதுபோல, தகடுகளை மெல்லியதாக்கி எண்ணிக்கையைக் கூட்டினால் பரப்பு கூடும். ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அள்ளிக் கொடுக்க முடியும். வண்டிகளுக்கு விற்கும் சாதாரண பேட்டரி இந்த வகை. அதை ஆழமாக இறக்கி ஏற்றினால், தகட்டின் மேல் பூசிய ஈயப் பசை உதிர்ந்து அடியில் தங்குகிறது. இறங்கிய நிலையில் நாள் கணக்கில் விட்டால் ஈய சல்பேட் கெட்டியான படிகமாகி, திரும்பக் கரையாது.

மணிக் கணக்கில் மெதுவாகக் கொடுக்கவும், பாதிவரை இறங்கி மறுபடி ஏறவும் வேறு வகை வேண்டும். தகடு தடிப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நேர்முனைப் பொருள் குழாய் உறைகளுக்குள் அடைபட்டிருக்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரோடு வரும் டியூபுலர் பேட்டரி இந்தக் குழாய் வகையைச் சேர்ந்தது. உயரமான அந்தப் பேட்டரி ஆடாமல் ஓரிடத்தில் நிற்பதற்கென்று செய்யப்பட்டது. ஓடும் வண்டிக்கும் படகுக்கும் அதிர்வு தாங்கும், அமிலம் சிந்தாத, மூடிய ஆழ்-சுழற்சி பேட்டரியே பொருத்தம்.

இனி இன்ஜினைக் கிளப்புவதைத் தொடக்க பேட்டரி என்றும், ஃபேன், விளக்கு, சார்ஜர் ஆகியவற்றுக்கானதைப் புழக்க பேட்டரி என்றும் குறிப்பிடலாம்.

24-ல் பாதியை உருவினால்

லாரிகளில் பரவலாக நடக்கும் ஒரு தவறை இங்கே சொல்லியாக வேண்டும். பாட்டுப் பெட்டியும் செல்போன் சார்ஜரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. வண்டியில் இருப்பதோ 24. கைக்கு எட்டும் சுலபமான வழி, தொடராக உள்ள இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் வயரை இழுத்துக்கொள்வது. பாட்டு அன்றே கேட்கும். கேடு சில மாதம் கழித்துத் தெரியும்.

அந்த ஒரு பேட்டரி தினமும் கூடுதலாக இறங்குகிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரிகளை நிரப்பும் ஆல்டர்நேட்டரோ இரண்டையும் ஒரே சங்கிலியாகப் பார்த்து இரண்டுக்கும் ஒரே மின்னோட்டத்தை அனுப்புகிறது. ஏற்கெனவே நிறைந்திருக்கும் பேட்டரி மேலும் மேலும் சார்ஜ் வாங்கிக் கொதிக்கிறது, அதன் தண்ணீர் வற்றுகிறது. வயர் இழுத்த பேட்டரி ஒருநாளும் நிறைவதில்லை. அதன் தகடுகளில் சல்பேட் இறுகுகிறது. ஒன்றுக்கு மட்டும் அடிக்கடி டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டியிருந்தால், வயர் மற்றதிலிருந்து போகிறதா என்று பார்க்க வேண்டும். கெட்டதை மட்டும் மாற்றினால், புதிதும் பழையதுமாகச் சமமில்லாத ஜோடி சேர்ந்து அதே கதை மறுபடி நடக்கும்.

சரியான முறை, 24-ஐ 12 ஆக்கும் மாற்றியை இரண்டு பேட்டரிகளுக்கும் குறுக்கே இணைப்பது. அந்த மாற்றி பேட்டரியை நிரப்பவும் தெரிந்த சார்ஜர் வகையாக இருந்தால் காரியம் முடிந்த மாதிரிதான்: இன்ஜின் ஓடும்போது மட்டும் அது வேலை செய்து, கேபினுக்கென்று வைத்த ஒரு தனி 12 வோல்ட் புழக்க பேட்டரியை நிரப்பும். ஃபேன், கேபின் விளக்கு, செல்போன், பாட்டு நான்கும் அதிலிருந்து ஓடட்டும். சற்றுமுன் போட்ட கணக்கில் பார்க்கிங் விளக்கு நீங்கலாக 24 வோல்ட்டில் சுமார் பத்து ஆம்பியர்-மணி வந்தது. 12 வோல்ட்டில் அதே வேலைக்கு இருபது. பாதிக்குமேல் இறக்கக் கூடாது என்பதாலும், இரண்டு இரவு தங்க நேரலாம் என்பதாலும் 80 முதல் 100 ஆம்பியர்-மணி பேட்டரி போதும். தொடக்க பேட்டரிகளுக்குப் பார்க்கிங் விளக்கு மட்டும் மிஞ்சும். அதுவும் எல்.இ.டி. ஆகிவிட்டால் காலையில் கவலை இல்லை.

பகலில் சேர, இரவில் பிரிய

தொடக்க பேட்டரியும் புழக்க பேட்டரியும் ஒரே வோல்ட்டில் இருந்தால், அதாவது சிறிய வண்டியிலும் சிறிய படகிலும் இரண்டுமே 12 வோல்ட்டாக இருந்தால், இணைப்பு இன்னும் எளிது. நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை. ஆனால் நிரந்தரமாக இணைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே இறங்கும், இரண்டு வைத்ததில் பயனே இல்லை. இன்ஜின் ஓடும்போது சேர்ந்திருக்கவும், நின்றதும் பிரியவும் வேண்டும்.

பழைய வழி கையால் திருப்பும் சுவிட்ச். ஒன்று, இரண்டு, இரண்டும், எதுவுமில்லை என்று நான்கு நிலை. உறுதியானது, ஆனால் மனிதர் மறக்காமல் இருக்க வேண்டும். ‘இரண்டும்’ என்ற நிலையில் விட்டுத் தூங்கினால் இரண்டும் இறங்கிவிடும். இன்ஜின் ஓடும்போது தவறி ‘எதுவுமில்லை’க்குத் திருப்பினால், போக இடமில்லாத மின்சாரம் ஆல்டர்நேட்டரின் டையோடுகளைச் சுட்டுவிடக்கூடும்.

டையோடு பிரிப்பான் மறதிக்கு இடம் தராது. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும். ஆனால் கடந்துபோகும் வழியில் 0.6, 0.7 வோல்ட்டை விழுங்கிவிடும். ஆல்டர்நேட்டர் 14.2 கொடுத்தால் பேட்டரிக்குக் கிடைப்பது 13.5. நாளடைவில் எந்த பேட்டரியும் முழுதாக நிறையாது.

சிறிய படகுகளுக்கு இன்று மிகவும் ஏற்றது அழுத்தமறி ரிலே என்ற தானியங்கி சுவிட்ச். தொடக்க பேட்டரியின் வோல்ட்டை அது சதா பார்த்துக்கொண்டே இருக்கிறது. முழு சார்ஜில் ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6, 12.7 வோல்ட் காட்டும். 13.3-க்கு மேல் ஏறினால் ஆல்டர்நேட்டர் வேலை செய்கிறது என்றுதான் பொருள். ரிலே இரண்டையும் சேர்க்கிறது. இன்ஜின் நின்று 12.8-க்கு இறங்கினால் பிரிக்கிறது. இரண்டு எண்களுக்கும் இடையில் அரை வோல்ட் இடைவெளி வைத்திருப்பது, எல்லையில் நின்று சேர்ந்து பிரிந்து துடிக்காமல் இருப்பதற்காக.

புழக்க பேட்டரி லித்தியம் வகையாக இருந்தால் ரிலே மட்டும் போதாது. அதன் அக மின்தடை மிகக் குறைவு என்பதால் ஆல்டர்நேட்டரால் முடிந்த அத்தனையையும் மணிக்கணக்கில் இழுத்து ஆல்டர்நேட்டரையே சுட்டுவிடும். மின்னோட்டத்துக்கு வரம்பு கட்டும் சார்ஜர் ஒன்று நடுவில் இருக்க வேண்டும்.

கம்பியும் ஃபியூஸும்

இரண்டு பேட்டரிகளை இணைக்கும் கம்பிக்கு இரு முனையிலும் மின்சாரம் இருக்கிறது. நடுவில் எங்காவது உராய்ந்து சட்டத்தைத் தொட்டால் இரண்டு பக்கமிருந்தும் பாயும், ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் போகும், கம்பி சிவந்து தீப்பிடிக்கும். ஆகவே இரு முனையிலும், பேட்டரிக்கு மிக அருகில், தலா ஒரு ஃபியூஸ். ஃபியூஸ் காப்பது கம்பியை. அதன் அளவைக் கம்பியின் தடிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தடிப்பில் கஞ்சத்தனம் செய்வது ஆல்டர்நேட்டரின் உழைப்பை வீணாக்குவதற்குச் சமம். போகவர நான்கு மீட்டர் உள்ள 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 50 ஆம்பியர் ஓடினால் 0.2 வோல்ட்தான் குறையும். அதே தூரம் 2.5 சதுர மில்லிமீட்டரில் 1.4 வோல்ட் போய்விடும். 14.2-ல் கிளம்பியது 12.8-ஆகப் போய்ச் சேர்ந்தால் பேட்டரி ஒருபோதும் நிறையாது. கம்பி வேறு 70 வாட் சூட்டைக் கக்கும்.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவருகிறது. காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பற்ற ஒரு பொறி போதும். பேட்டரிப் பெட்டியில் மேலே காற்றுவழி வேண்டும். கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது எதிர்முனை கடைசியில்.

தண்ணீரின் மேல்

சங்ககிரியிலிருந்து எடப்பாடி வழியாகப் போனால் பூலாம்பட்டியில் காவிரி. எதிர்க்கரையான நெரிஞ்சிப்பேட்டைக்கு மோட்டார் படகுகள் ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் ஏற்றிச் செல்கின்றன. இப்படிப் பகலில் மட்டும் கரைக்கும் கரைக்கும் ஓடும் படகுக்கு இரண்டு பேட்டரி தேவையில்லை. ஒருமுறை கிளப்பச் செலவான கால் ஆம்பியர்-மணியை, 20 ஆம்பியர் கொடுக்கும் ஆல்டர்நேட்டர் ஒரு நிமிடத்துக்குள் திருப்பிவிடும்.

கடலில் நிலைமை வேறு. செவுள் வலையை விரித்துவிட்டு இன்ஜினை நிறுத்தி இரவெல்லாம் மிதக்கும் படகில் விளக்கு, ஜி.பி.எஸ்., வி.எச்.எஃப். வயர்லெஸ் எல்லாம் பேட்டரியில் ஓடுகின்றன. 25 வாட் வயர்லெஸ் கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர்கூட எடுக்காது, பேசும்போது ஐந்தாறு எடுக்கும். விடியும்போது செல்ஃப் எடுக்காவிட்டால் தள்ளிவிட அங்கே தரையும் இல்லை, பக்கத்தில் இன்னொரு வண்டியும் இல்லை. உதவிக்கு அழைக்க வேண்டிய வயர்லெஸும் அதே இறங்கிய பேட்டரியில்தான் இருக்கிறது. கயிறு இழுத்துக் கிளப்பும் சிறிய அவுட்போர்டு இன்ஜினுக்கு இந்த ஆபத்து இல்லை. செல்ஃபை நம்பிய இன்ஜினுக்கு இரண்டாவது பேட்டரி உயிர்க்காப்பு.

லாரியில் செய்யாத சில வேலைகளைப் படகில் செய்ய வேண்டும். லாரியின் இரும்புச் சட்டமே எதிர்முனை வழியாகிவிடுகிறது. ஃபைபர் படகில் அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் எதிர்முனைக் கம்பி தனியே ஓடி, இரு பேட்டரிகளின் எதிர்முனைகளும் ஒரே செம்புப் பட்டையில் சேர வேண்டும். உப்புக்காற்றில் வெறும் செம்பு பச்சை பூத்து உள்ளுக்குள் அரிக்கும் என்பதால் வெள்ளீயம் பூசிய கம்பி நல்லது. உள்ளே சேரும் தண்ணீரை இறைக்கும் தானியங்கி பம்பை மட்டும் மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே, தன் சொந்த ஃபியூஸோடு, புழக்க பேட்டரியில் நேராக இணைக்க வேண்டும். படகைக் கரையில் கட்டி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போன பிறகுதான் அதற்கு வேலை வரும். பெட்ரோல் இன்ஜின் உள்ள படகில் சுவிட்சும் ரிலேயும் பொறி வெளியே போகாத வகையாக இருப்பது கட்டாயம்.

பொருத்தி முடித்ததும் மல்டிமீட்டர் ஒன்றால் எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். இன்ஜின் நிற்கும்போது இரு பேட்டரிகளையும் அளந்தால் சற்றே வேறுபட்ட எண்கள் வரும். இன்ஜின் ஓடி ஓரிரு நிமிடத்தில் ரிலே சேர்ந்ததும் இரண்டும் 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் கிட்டத்தட்ட ஒன்றாக நிற்க வேண்டும். கால் வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கம்பி மெல்லியது அல்லது கம்பி முனையில் உள்ள லக் இறுகவில்லை. இன்ஜினை நிறுத்தி, புழக்க பேட்டரியில் விளக்கையும் பம்பையும் ஓடவிட்டு அரை மணி கழித்து மறுபடி அளக்க வேண்டும். புழக்க பேட்டரியின் எண் இறங்கியிருக்கும். தொடக்க பேட்டரியின் எண் 12.6-க்குக் குறையாமல் நின்றால் இணைப்பு சரி.